உள்மடிப்பு

சணல் கயித்தை மேசைமேல நீட்டிப் போட்டுட்டு நிக்கேன். நிக்கேன், நிக்கேன், கத்திரியைத் தொடக் கை வரமாட்டேங்கு. கயித்துல அங்கங்க முடிச்சு. தோளுக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு, கால் கரண்டைக்கு ஒண்ணு. எங்க வீட்டுக்காரவிய போட்ட முடிச்சு. டேப்பைக் கையோட கொண்டு போங்கன்னு வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன், கேட்டாத்தானே. “பெத்தவ பக்கத்துல உக்காந்திருக்கா கிறிஸ்டி, அவ கண்ணு முன்னால டேப்பை விரிச்சு நம்பர் பாக்க எனக்கு மனசு வரல”ங்காவ. செங்கச்சூளையில கெடந்த சாக்கு தைக்கிற சணலை எடுத்து, பிள்ளை பக்கத்துலயே படுக்கப் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்துட்டாவ. ஆசீர்னு பேரு வச்ச மனுசன், மரக்கடையில நாள் பூரா மரம் அறுக்காவ, மனசு மட்டும் வெண்ணெய். தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் சூளை. அங்க கல்லு சுமக்கிற பேச்சித்தாயோட மக முத்திசக்கி. காய்ச்சல்ல கெடந்து இன்னைக்கு விடியக்காலம் போயிட்டா. சாயந்தரம் நாலு மணிக்கு அடக்கம், அதுக்குள்ள பிள்ளைக்குப் போட்டுவிடக் கவுன் தைக்கணும். கோயில் முடிஞ்சு வந்து கோழிக்குழம்பு வச்சேன், தட்டுல போட்ட சோறு போட்டபடி காயுது. இந்த ஞாயித்துக்கிழமைக் கோழிக்குழம்பு வாசனை இனி எனக்கு ஆகாது போல. சரி, அதுக்கென்ன இப்ப. வேலையைப் பாரு கிறிஸ்டில்டா, அளவைப் பாரு. பாக்காமலே தெரியுதே. கயிறு மேசையில அந்தப் பழைய வெட்டுத் தழும்புல ஆரம்பிச்சு அரக்குக் கறை வரைக்கும் போய் நிக்கி. அந்தத் தழும்புல இருந்து அந்தக் கறை வரைக்கும் வேற ஒரு பிள்ளைக்குத்தான் நான் வெட்டியிருக்கேன். இது என் மவ பியூலா அளவு.

ஆண்டவரே, எந்த அளவு வேணும்னாலும் அனுப்பும், அந்த ஒரு அளவை மட்டும் எங்கிட்ட அனுப்பாதேயும்னு முழங்கால் போடும்போதெல்லாம் சொல்லுதேனே, காதுல விழலியா உமக்கு. இது வரைக்கும் வந்ததெல்லாம் கைப்பிள்ளைங்க. பிறந்த அன்னைக்கே போனது, எட்டாம் மாசத்துலயே வந்தது. அதுகளுக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி தாராளம், முதுகுல நாடா வச்சுக் கட்டிரலாம், மடிப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நடந்து திரிஞ்ச பிள்ளைக்குத் தைக்கிறதுதான் வேலை. பியூலா நடந்தாளா எங்க, ஓட்டந்தானே. அந்த ஈஸ்டருக்கு வெள்ளைக் கவுன் தச்சுப் போட்டேன். எல்லா அம்மாமாரும் எங்கிட்டத் துணி குடுக்கும்போது முதல்ல சொல்றது அதுதான், வளர்ற பிள்ளை, உள்ள நல்லா விட்டுத் தையுங்கன்னு. தச்சு வாங்கும்போதும் கழுத்தைப் பாக்க மாட்டாங்க, கையைப் பாக்க மாட்டாங்க, கீழ்மடிப்பைத்தான் திருப்பித் தடவிப் பாப்பாங்க, எவ்வளவு விட்டிருக்கான்னு. ஊருக்கே விடுதவ என் மவளுக்கு விடாம இருப்பேனா. மூணு விரக்கடை விட்டேன். ஆவணியிலயே பிரிச்சு விட வேண்டியதாப் போச்சு, அப்படி வளந்தா. பிரிச்ச இடத்துல பழைய மடிப்பு கோடு போட்டுத் தெரியும். “எம்மா, இந்தக் கோடு நான் எவ்வளவு வளந்திருக்கேன்னு காட்டுது பாரு”ன்னு தெரு பூராக் காட்டிட்டுத் திரிஞ்சா. ஐப்பசி மழையில காய்ச்சல் வந்து, ஏழு வயசுல, எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப வெள்ளைன்னு இருந்தது அந்த ஒரு கவுன்தான். ஏறல. தோள்ல ஏறவே இல்ல. முதுகைக் கிழிச்சுத்தான் போட்டாங்க. கிழிச்சதைச் சேக்க ஊக்கு இல்லாம, என் தாலிச் செயின்ல தொங்கிக்கிட்டு இருந்த ஊக்கையே ஒரு அக்கா கழத்தினா. குனிஞ்சு கழுத்தைக் குடுத்தேன், பசுமாடு மாதிரி. ஊருக்கெல்லாம் தைக்கிறவ மக முதுகுல ஊக்கு. மண்ணுக்குள்ள அவ அதுமேல படுத்திருக்கா. குத்துமேன்னு நினைக்கேன். செத்த பிள்ளைக்குக் குத்துமா கிறுக்கின்னு என்னையே ஏசிக்குவேன், மறுபடியும் குத்துமேன்னு நினைப்பேன். மல்லாக்கப் படுத்தா என் முதுகுலயே அந்த இடம் உறுத்தும். அன்னையில இருந்து என் செயின்ல ஊக்கு மாட்டுறதில்ல.

அதுக்குப் பிறகு மிஷின் பக்கமே போகல. அவிய மரக்கடைக்குப் போவாவ, வருவாவ, பெரியவ ஹெப்சி பள்ளிக்கூடம் போவா, வருவா, மூணு பேரும் ஒரு வீட்டுக்குள்ள வாடகைக்கு வந்தவங்க மாதிரி இருந்தோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தா அழுகை வந்துரும்னு சுவரைப் பாத்துச் சோறு தின்னோம். மார்கழி பிறந்து ஒரு நாள் அவிய ஈரச் சட்டையோட வந்து நின்னு, “ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் கைப்பிள்ளையப் பழைய கைலியில சுத்திக் கொண்டு போறான் கிறிஸ்டி, கால் வெளியில தெரியுது”ன்னு சொன்னாவ. மிஷின் உறையை உருவினேன். எண்ணெய் விட்டேன். ஹெப்சி தானா வந்து வெள்ளை ரிப்பனை நறுக்கினா. அவிய மழையிலயே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தாவ. அன்னைக்கு ராத்திரி மூணு பேரும் ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சோம். அப்படி ஆரம்பிச்சதுதான் இது. நர்சுமாருக்குத் தெரியும், பஞ்சாயத்துக்காரங்களுக்குத் தெரியும், இல்லாதப்பட்ட வீட்டுல பிள்ளை போச்சுன்னா அவியளுக்குப் போன் வரும். இந்தச் சுத்துப்பட்டுல ஒரு பிள்ளையும் ஊக்கு குத்தி மண்ணுக்குள்ள போகக் கூடாது, அவ்வளவுதான் என் வைராக்கியம். கோயில்ல கைய புடிச்சுக்கிட்டு, “இந்த ஊழியத்துக்காகத்தான் ஆண்டவர் உங்க பிள்ளைய எடுத்துக்கிட்டார் போல”ம்பாங்க. எனக்கு வரும் பாருங்க ஆத்திரம். ஊழியம் வேணும்னா எங்கிட்டக் கேட்டா நான் தச்சுக் குடுக்க மாட்டேனா? அதுக்கு எம் பிள்ளைய எடுக்கணுமா? ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு எனக்குத் தெரியும். பின்ன எப்படிப்பட்டவர்னு கேட்டா அதுவும் எனக்குத் தெரியாது. தைக்கும்போது மட்டும் அவர் இந்த வீட்டுக்குள்ள எங்கயோ இருக்காருன்னு தோணும், அடுப்படியில யாரோ நடமாடுத மாதிரி. எழுந்து போய்ப் பாத்தா இருக்க மாட்டாரு.

“வெள்ளை வேண்டாம்னு பேச்சித்தாய் சொல்லுதா.” அவிய கயித்தைக் குடுக்கும்போதே சொன்னதுதான் இது. “அந்தப் பிள்ளைக்கு வெள்ளைன்னா நர்சம்மான்னு பயமாம். ஊசி போட வர்றாங்கன்னு கத்துவாளாம். கலர்ல எதுவும் கிடைச்சாப் பாருங்கண்ணேன்னு கேட்டா. கேட்டுட்டு, இல்லன்னாலும் பரவாயில்லன்னு சொன்னா.” அந்த ‘பரவாயில்ல’தான் என்னைக் கொல்லுது. அலமாரியில வெள்ளைப் பாப்ளின் கட்டாக் கிடக்கு. கலருக்கு எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை எங்க ஊர்க் கடைவீதியில ஒரு ஷட்டர் திறந்திருக்குமா, காக்கா கூட கோயிலுக்குப் போயிரும். பஸ் புடிச்சு டவுனுக்குப் போய் வரதுக்குள்ள எடுத்திருவாங்க. மிஷின் பக்கத்துல கலர் கலராத் துணி இருக்கத்தான் செய்யி, எல்லாம் அடுத்தவ ஜாக்கெட்டுத் துணி. அதுல கை வைக்க முடியுமா? அவிய கட்டிலுக்கு அடியில இருக்கிற டிரங்குப் பெட்டியைப் பாத்துட்டுச் சட்டுனு ஜன்னலைப் பாத்தாவ. பாத்ததை நானும் பாத்துட்டேன். “என்ன பாக்கியோ?” “ஒண்ணும் இல்லட்டி.” “ஒண்ணும் இல்லாமயா பெட்டியப் பாக்கியோ?” ஹெப்சிதான் சொன்னா, அடுப்படி நிலையில சாஞ்சுக்கிட்டு, மெள்ள: “எம்மா, பியூலாவோட கிறிஸ்மஸ் துணி இருக்குல்லா.” எனக்கு எங்க இருந்துதான் அவ்வளவு சத்தம் வந்துச்சோ. “வாய மூடுட்டி! அதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது! அவளுக்குன்னு என்ன மிச்சம் இருக்கு இந்த வீட்டுல? புஸ்தகத்தைக் குடுத்தாச்சு, செருப்பைக் குடுத்தாச்சு, அந்தத் துணி ஒண்ணாவது கெடக்கட்டும்!” கத்தினதும் ஹெப்சி மூஞ்சி சிவந்துபோச்சு. சிவந்தது அழுகையிலயா காய்ச்சல்லயான்னு உடனே எனக்கு அந்தப் பயம். கிட்டப் போய்க் கழுத்துல புறங்கையை வச்சுப் பாத்தேன். சூடு இல்ல. பதினாலு வயசுப் பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுத்தைத் தொட்டாலும் தட்டிவிட மாட்டா, குனிஞ்சு நிப்பா. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா”ன்னா. அவிய, “வெள்ளையே தச்சிரு கிறிஸ்டி, ரிப்பன் மட்டும் கலரா வச்சிருவோம்”னு சொல்லிட்டு வண்டியைத் துடைக்கப் போயிட்டாவ. துடைச்ச வண்டியையே துடைக்காவ, சத்தம் கேக்குது.

பெட்டியை இழுக்கேன். பாக்கத்தான், எடுக்க இல்ல. பூச்சி உருண்டை வாசனை. ரோஸ் கலர், சின்னச் சின்னதா வெள்ளைப் பூ, ரெண்டு மீட்டர். கடையில அவதான் எடுத்தா. ஸ்டூல்மேல ஏறி நின்னு, மேல்தட்டுல இருந்ததைக் காட்டி, “அதுதான், அதுக்குப் பக்கத்துல உள்ளது இல்ல, அதுதான்”னு கடைக்காரரைப் பாடாப் படுத்தினா. வீட்டுக்கு வந்து உடம்புல சுத்திக்கிட்டு விடமாட்டேன்னுட்டா. கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்குட்டி, இப்பவே தச்சா அதுக்குள்ள வளந்துருவே, கார்த்திகையில தைப்போம்னு மடிச்சு வச்சேன். வளந்துருவேன்னுதான் தைக்கல. எது சொன்னாலும் சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கி. பாஸ்டர் ஐயாகிட்ட ஒரு தடவை கேட்டேன், ஐயா, மோட்சத்துல பிள்ளைங்க வளருமான்னு. அவரு நல்ல மனுசன், பொய் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சாரு. “அங்க குறைவு எதுவும் இருக்காதும்மா”ன்னாரு. குறைவு இருக்காது, சரி. உயரம் கூடுமா? நான் போகும்போது ஏழு வயசுக்காரி ஓடி வருவாளா, வளந்த பொண்ணு ஒருத்தி நின்னு சிரிப்பாளா, எனக்கு அடையாளம் தெரியுமா? ஊருல வருசம் ரெண்டு ஆயிட்டு. அவ வகுப்புப் பிள்ளைங்க அளவு குடுக்க வாராங்க, ஒவ்வொருத்தியும் என் தோள்கிட்ட வந்துட்டா. அங்க அவ வளந்திருந்தா, இந்த ரெண்டு மீட்டர் அவளுக்குப் பத்தாது. வளரலன்னா, மாத்துத்துணி கேக்கிற எடமா அது? எப்படிப் பாத்தாலும் இந்தத் துணி இனி அவளுக்கு இல்ல. இதை நான் ஏன் இவ்வளவு நாளா நினைச்சே பாக்கல? நினைச்சிருக்கேன். நினைச்ச உடனே பெட்டியைச் சாத்திருவேன். இப்பவும் சாத்தலாம். மடியில துணி கிடக்கு, கனமே இல்ல. சூளையில ஒருத்தி ‘இல்லன்னாலும் பரவாயில்ல’ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கா. எனக்கு அன்னைக்கு யாராவது, ‘என்ன கலர் வேணும்’னு கேட்டிருந்தா நான் இதைத்தானே கேட்டிருப்பேன்.

கத்திரி முதல் வெட்டுல நின்னுபோச்சு. துணி இல்ல, என் கைதான். ஹெப்சி வந்து எதிர்ப்பக்கம் துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. “பேசாம இருக்கியேட்டி, ஏதாவது சொல்லேன்.” “என்னத்தச் சொல்ல? நேரா வெட்டும்மா.” வெட்டினேன். சரக் சரக்னு போகுது, இவ்வளவு சத்தமாவா கத்திரி வெட்டும்? நெஞ்சுக்குள்ள வெட்டுத மாதிரி இருக்கு, அப்படியே வெட்டிட்டுப் போறேன். மிஷின்ல உக்காந்தப்புறம்தான் ஞாயித்துக்கிழமையில தைக்கப் போறேன்னே உறைச்சுச்சு. எங்க வீடுகள்ல ஓய்வு நாள்ல ஊசி தொடப்படாது. பட்டன் அறுந்து கோயிலுக்குப் போனாலும் போவோமே தவிர ஞாயித்துக்கிழமை தைக்க மாட்டோம். வேற எந்த ஞாயித்துக்கிழமையும் அழைப்பு வந்ததில்ல, வந்தாலும் தச்சு வச்ச கைப்பிள்ளைக் கவுன் ரெடியா இருக்கும். மிதிச்சா சத்தம் தெரு பூராக் கேக்கும். ஆண்டவரே, உமக்குப் பிடிக்கலன்னா ஊசியை ஒடிச்சுப் போடும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு மிதிச்சேன். ஒடியல. கட கடன்னு ஓடுது. எதிர்வீட்டு லில்லி டீச்சர் ஜன்னலைத் திறந்தாங்க. “கிறிஸ்டி, என்னம்மா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?” நான் நிமிரல. அவிய வாசல்ல இருந்து, “ஒரு பிள்ளைக்கு டீச்சர், நாலு மணிக்கு”ன்னாவ. ஜன்னல் சாத்துற சத்தம் கேக்கும்னு பாத்தேன், கேக்கல. திறந்தே கிடக்கு. கை தைக்குது. தோள் கூட்டியாச்சு, கை வச்சாச்சு, இடுப்புல சுருக்கம் பிடிச்சாச்சு. கண்ணீர் துணியில விழுந்தாக் கறை ஆகும்னு முந்தானையை வாயில கடிச்சுக்கிட்டுத் தைக்கேன். ஒரு இடத்துல கால் நின்னு, இது யாருக்குன்னு மறந்து போச்சு. கார்த்திகை மாசம், மழை, பியூலா பக்கத்துல நின்னுக்கிட்டு, முடிஞ்சிட்டாம்மா, முடிஞ்சிட்டாம்மாங்கா. பொறுட்டி, இந்தா முடிஞ்சிரும்ங்கேன். அப்படியே தைக்கேன். அப்படி ஒரு நல்ல தையல் என் ஜென்மத்துல தச்சதில்ல. கை பாட்டுக்கு ஓடுது.

முடிச்சு நூலை அறுத்து, இஸ்திரிப் பெட்டி போட எடுத்து மேசையில விரிச்சா, அய்யோ. கீழ விளிம்பு தடிச்சு நிக்கி. திருப்பிப் பாத்தா மூணு விரக்கடை உள்ள மடிச்சுத் தச்சிருக்கேன். இடுப்புப் பக்கமும் ரெண்டு ஓரத்துலயும் விட்டுத் தச்சிருக்கேன். வளர்த்திக்கு. சாகப்போன பிள்ளைக்கு இல்ல, செத்துப்போன பிள்ளைக்கு, வளர்த்திக்குத் துணி விட்டுத் தச்சிருக்கேன். பேச்சித்தாய் பாத்தா என்ன நினைப்பா? அவ வயித்தெரிச்சல்ல நான் விளையாடுத மாதிரி இருக்காதா? பாவி, பாவி, உனக்கு மூளை எங்க போச்சு. பிளேடை எடுத்தேன். மடிப்புல முதல் தையல்ல வச்சேன். வச்ச இடத்துலயே நிக்கி. பியூலா கவுனை ஆவணியில பிரிச்சப்ப இதே பிளேடுதான், இதே மாதிரிதான் மடியில போட்டுப் பிரிச்சேன், அவ பக்கத்துல உக்காந்து அறுந்த நூலைப் பொறுக்கி ஊதினா. இன்னொரு பிள்ளைக்கு வெட்டி எறிய என்னால ஆகாது. வெளியில வண்டி ஹாரன். “கிறிஸ்டி, மூணரை ஆகப்போகுது.” ஹெப்சி எங்கையில இருந்து பிளேடை வாங்கிட்டா. “விடும்மா. உள்ளதானே இருக்கு, யாருக்குத் தெரியும்”னா. இஸ்திரி போட்டு, மடிச்சு, மடியில வச்சுக்கிட்டு வண்டியில ஏறினேன். தேரி மணல்ல வண்டி இழுக்க மாட்டேங்கு, செம்மண் பறந்து மூஞ்சியெல்லாம் அப்புது. பொதியை முந்தானையால மூடிக்கிட்டேன். இதுவரைக்கும் நான் எந்த வீட்டுக்கும் போனதில்ல, அவியதான் கொண்டு போய்க் குடுப்பாவ. இன்னைக்கு ஏன் ஏறினேன்னு எனக்கே தெரியல.

தகரக் கொட்டகை. பாயில கெடத்தியிருக்காங்க. பேச்சித்தாய் தலைமாட்டுல உக்காந்து, அழாம, ஈயை மட்டும் விரட்டிக்கிட்டு இருக்கா. சின்னப் பொண்ணு, முப்பது இருக்காது. கைய பிடிச்சுக் கவுனைக் குடுத்தேன். விரிச்சுப் பாத்தா. “புதுசாக்கா?” “புதுசுதான் தாயி.” “பூ போட்டிருக்கே. இந்த மாதிரிதான் கேட்டுக்கிட்டே கெடந்தா.” ரெண்டு பேருமாச் சேந்து போட்டோம். தலை நுழைஞ்சுது, கை நுழைஞ்சுது. தோள்ல ஏறணுமே, ஏறணுமேன்னு உள்ளுக்குள்ள கெடந்து தவிக்கேன். ஏறிட்டு. அளவெடுத்துத் தச்ச மாதிரி, அளவெடுத்துத்தானே தச்சேன், ஏறி நின்னுட்டு. பிள்ளையத் தோள்ல சாத்திக்கிட்டு முதுகுல பட்டனைப் போடுதேன். அந்தத் தலை என் கழுத்துல வந்து சாஞ்சுது. புறங்கையை வச்சுச் சூடு பாத்திருவேனோன்னு கையை இறுக்கிக்கிட்டேன். அப்ப பேச்சித்தாய் குனிஞ்சு தாலிக்கயித்துல இருந்து ஊக்கைக் கழத்துதா. “அக்கா, ஊக்கு வேணுமா?” “வேண்டாம் தாயி. வேண்டாம். எல்லாம் பட்டன்தான். முதுகைத் தடவிப் பாரு, ஒண்ணும் குத்தாது.” தடவிப் பாத்தா. அப்படியே கையை இறக்கிக் கவுனைக் காலு வரைக்கும் நீவிவிட்டா, நீவிவிட்ட கை விளிம்புல நின்னுபோச்சு. பெத்தவ கைல்லா, தானா மடிப்பைத் திருப்பிட்டு. விரலை வச்சு அளந்து பாக்கா. எனக்கு அந்த மண்ணுக்குள்ளயே போயிரலாம் போல இருந்துச்சு. கை தவறிப்போச்சு தாயி, மன்னிச்சுக்கோன்னு சொல்ல வாயெடுக்கேன். அவ நிமிந்து என்னைப் பாத்தா. “வளர்த்திக்கு விட்டிருக்கியளே அக்கா.” “ஆமா தாயி. வளர்ற பிள்ளைல்லா.” அவ்வளவுதான், அந்த மடிப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அப்பத்தான் அவ அழ ஆரம்பிச்சா. வெளியில நின்ன ஆம்பிளைங்கெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அழுகைக்கு நடுவுல எங்கையைத் தேடிப் பிடிச்சா. “ஒங்க பிள்ளைக்கும் இப்படி விட்டுத்தான் தச்சியளா? அண்ணன் சொன்னாங்க.” “விட்டேன் தாயி. எல்லாத்தையும் பிரிச்சு விட்டேன். பத்தல.” அவ ஊக்கைக் கீழ போடாம உள்ளங்கையில வச்சிருந்தா போல. ரெண்டு பேரு கைக்கும் நடுவுல அது குத்திக்கிட்டு இருந்துச்சு. அவளும் விடல, நானும் விடல.